ஐந்து சென்ரிமீற்றர்

இங்கே வாடைக்குப் பெயர் பீஸெ.
கெர்ஸெர்ஸிலிருந்து ஆர்பெர்க் வரைக்கும்
லீக்ஸ் வயலுக்கும் கரட் வயலுக்கும் நடுவே
ஒரு மரமும் மறிக்காத பாதையில்
நேரே நெஞ்சுக்கு வரும்.
நான் மணிக்குப் பதினாறு.
ட்ராக்டர் பதினெட்டு.
ஓட்டுகிற பெடியன்
கையைக் காட்டிவிட்டுப் போகிறான்.

குட்டக் குட்டக் குனிகிறவள் மடைச்சி என்று
எங்களிடம் ஒரு சொல் இருக்கிறது.
சொன்னவர் யாரும்
எதிர்காற்றில் சைக்கிள் ஓடியிருக்க மாட்டார்.

லீஸ் ஸ்டேஷனுக்குப் பின்னால் கடை.
படிவத்தில் பெயருக்கு விட்ட கட்டம்
மங்களேஸ்வரிக்குப் போதவில்லை,
மங்களே என்று நின்றது.
பிறந்த ஆண்டுக்கு இடம் தாராளம்.

யானிக் மூன்று சோடி ஏரோபாரை மேசையில் பரப்பினான்.
காபனில் ஒன்று, நுனி மேலே வளைந்து
வள்ளத்தின் அணியம் மாதிரி,
விலை என் ஓய்வூதியத்தில் பாதி.
அலுமினியத்தில் ஒன்று, நீளம், நேர்.
மூன்றாவது கட்டை.
"அது தொடங்குகிறவர்களுக்கு" என்றான்,
வயதைச் சொல்லாமல் வயதைச் சொல்லுகிற குரலில்.

சைக்கிளை ஸ்டாண்டில் பூட்டி ஏற்றினான்.
படுங்கள் என்றான். படுத்தேன்.
இன்னும் என்றான்.
தாழத் தாழ எத்தனை விநாடி மிச்சம் என்று
கணினியில் ஒரு கோடு காட்டினான்.
முன்னே பாருங்கள் என்றான்.
தெரிந்தது முன்சில்லு மட்டும்.
என் கழுத்தில் ஐந்தாம் எலும்பும் ஆறாம் எலும்பும்
ஒரே வீட்டில் இருக்கிற ஓரகத்திகள்.
எட்டு வருடமாகக் கதைபேச்சில்லை.

முழங்கை வைக்கிற மெத்தை
சரியாக வந்து உட்கார்ந்தது பழைய தழும்பில்.
வைத்தியசாலைச் சலவைக்கூடம், இருபத்தேழு வருடம்,
விரிப்புகளை விழுங்கும் சூட்டு உருளை
ஒருநாள் என்னையும் கொஞ்சம் ருசிபார்த்த இடம்.
யானிக் பார்த்தான்.
கேட்கவில்லை.
போய்த் தடிப்பான மெத்தை எடுத்துவந்தான்.

வ்ரேனிக்கு அறுபத்தெட்டு.
கொம்பிலிருந்து கையை எடுத்து
பிரேக்குக்குக் கொண்டுபோகிற அந்த ஒரு கணத்துக்குள்
போன மே மாதம் ஒரு நாய் வந்தது.
காறை எலும்பு இரண்டாகிப் போனது.
கழற்றினாயா என்று கேட்டேன்.
"நாயில்லாத இடத்தில் படுக்கிறேன்" என்றாள்.

கொம்பு என்று சொன்னது தவநேசன்தான்.
"அறுபத்திரண்டில உனக்கும் முளைக்குதோ?"

"எவ்வளவு உயர்த்தலாம்?"
"தாழ்த்தவா?"
"உயர்த்த."
அந்தக் கேள்வி அவனிடம் முதல்முறை வருகிறதுபோல.
இழுப்பறையைக் கிண்டி
வளையங்கள், நீள ஆணிகள், இன்னும் வளையங்கள்.
கட்டைக் கொம்பின்மேல் ஒன்றன்மேல் ஒன்றாக
ஐந்து சென்ரிமீற்றர் அடுக்கினான்.
மறுபடி படுத்தேன்.
வாசல் தெரிந்தது.
வாசலுக்கு வெளியே பஸ்.
"இதில் வேகம் பெரிதாகக் கூடாது."
"பஸ் நம்பர் தெரியுது" என்றேன்.

சனி காலை. பீஸெ.
முழங்கை இரண்டும் நெஞ்சுக்குள், விரல்கள் கோத்தபடி.
எதிரே வருகிறவருக்கு
மன்றாடுகிறேன் என்று படும்.
நான் இலக்கங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.
பதினாறு.
பதினேழு.
அங்கேயே கனநேரம் நின்று, பிறகு பதினெட்டரை.

முன்னால் ட்ராக்டர்.
பெட்டியிலிருந்து உதிர்ந்த மண்ணும் வெங்காயத் தோலும்
முகத்தில் அடிக்கிற தூரம்.
நிமிர்ந்து பிரேக்கில் கையை வைத்தேன்.
தாண்டவில்லை.
அவன்தான் விளக்கைப் போட்டு
இடப்பக்கம் வயலுக்குள் திரும்பினான்.
அதை நான் வென்றதாக எழுதலாமா என்று
வ்ரேனியிடம் கேட்கவேண்டும்.