முதற் கோணல்

இரவு சமையலறை மேசையில்
இரண்டு கால்குலேட்டர் கிடந்தன:
ஒரே கடை, ஒரே கறுப்பு,
இரண்டிலும் தேய்ந்துபோன ஏழு.
விடிய ஆறரைக்கு, பாணை வாயில் கவ்வியபடி,
ஆரணி ஒன்றை எடுத்துக்கொண்டு பரீட்சைக்கு ஓடினாள்.
மிச்சத்தை நான் எடுத்தேன்.

லாங்னாவுக்கு மேலே, சரிவில்,
புல்லுக்குள் தொலைந்த எல்லைக்கல் தேடும் வேலை.
புதுக்கருவிக்குப் பற்றரி செத்துவிட்டது.
ரேட்டோ வண்டியிலிருந்து பழைய தியோடலைட்டை இறக்கினான்,
காஸ் சிலிண்டர் தூக்குகிறவனைப் போல.

இந்த ஊர் நில அளவைக்காரருக்கு
முழுவட்டம் நானூறு,
செங்கோணம் நூறு.
பதினொரு வருடமாய் விரலுக்கு அது பழக்கம்.
தொண்ணூறு என்று யாரும் சொன்னால்
சாய்ந்த சுவர் ஒன்றுதான்
எனக்கு ஞாபகம் வரும்.

நாற்பது மீட்டர், கோணம் நூறு.
கொசைன் பூச்சியம் வரவேண்டும்.
வந்த எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி நின்று
கையாட்டிப் பார்த்தது.
நான் கவனிக்கவில்லை. பெருக்கினேன், வாசித்தேன்.
ரேட்டோ நடந்தான்; முளையடித்தான்.

கதவைத் திறந்தார் ஃப்ராவ் எஷ்லிமன்.
முளை, அவரது லீக்ஸ் பாத்தியின் நடுவில்.
கத்தவில்லை. ஏப்ரனில் கை துடைத்தபடி
"என் வீட்டைக் கொஞ்சம் விட்டுவைப்பீர்களா?"
என்று மட்டும் கேட்டார்.

பத்து மணிக்குப் போன் அதிர்ந்தது.
"அம்மா, உங்கட மெஷினில
சைன் முப்பதுக்கு அரை வரேல்லை.
பூச்சியம் தசம் நாலு அஞ்சு நாலு எண்டுது.
எனக்கு அரை மனப்பாடம், அதால தப்பினன்.
நீங்கள்?"

நான்?
திரையின் மேல் மூலையில்
எறும்பளவில் ஒரு டி.
ஜி இருக்கவேண்டிய இடம்.
அந்த எறும்பு கடித்த கடிக்கு
நிலம் ஏழு மீட்டர் நகர்ந்திருக்கிறது.

முதற் கோணல் முற்றும் கோணல் என்பார்கள்.
முற்றும் இல்லை, ஒரு முளைதான்.
பிடுங்கினோம். மன்னிப்புக் கேட்டோம். மறுபடி அளந்தோம்.
கல், ஒரு சாண் ஆழத்தில், பாசி பிடித்து,
தன்பாட்டில் இருந்தது,
எந்த மோடிலும் இல்லாமல்.

ஃப்ராவ் எஷ்லிமன்
முளை விட்டுப்போன குழிக்குள்
விரலை விட்டு ஆழம் பார்த்தார்.
உள்ளே போய்
லீக்ஸ் நாற்று ஒன்றைக் கொண்டுவந்து இறக்கினார்.
வரிசையை விட்டுக் கொஞ்சம் விலகித்தான் நிற்கிறது.