நிமிடத்துக்கு எத்தனை

புதன் இரவு. தேவாலயத்தின் நிலவறை.
ஹீட்டர் இருமி இருமிச் சூடாகிறது.
ஊறுகாய் வந்த வெள்ளை வாளிகள் பதினொன்று
கவிழ்ந்து கிடக்கின்றன.

கால்கரிக்குக் கிழக்கே இரண்டு மணி நேரம்,
காற்றை மறிக்க ஒரு மரமும் இல்லாத ஊர்.
இறைச்சி ஆலைதான் எங்களைக் கூப்பிட்டது.
கத்தி பிடித்த கை
வீட்டுக்கு வந்தும் கத்தியையே பிடித்திருக்கும்.
விடிய வெந்நீரில் ஊறவைத்து
ஒவ்வொரு விரலாய் நிமிர்த்த வேண்டும்,
பிறகுதான் பல் துலக்கல்.

குளிசை கேட்டுப் போனேன்.
பிசியோ டார்லீன் வாளியைத் தந்தாள்.
அடி என்றாள். அடித்ததும் விடு.
அந்த விடுகிறதுதான் உனக்கு மருந்து.

எனக்குத் தாளம் வராது.
கோயில் பஜனையில்
எல்லாரும் முடித்த பிறகு ஒரு கைதட்டு கேட்டால்
அது நான்.

மாரிவிக் இஸா, தலாவா என்று எண்ணினாள்.
டெஸ்ஃபாய் ஹாதே, கில்தே.
நான் ஒண்டு, ரெண்டு.
மூன்று கிழமை முட்டி மோதினோம்.
நாலாம் கிழமை ஒருதரம், ஒரே ஒருதரம்,
எல்லாக் கையும் ஒரே இடத்தில் விழுந்தது.
ஹீட்டர்கூட இருமவில்லை.

ஜனவரியில் விரல்கள் திறந்தன.
முழுக்க அல்ல,
சட்டைப் பொத்தான் போடுகிற அளவுக்கு.
அதைச் சொல்லி டெஸ்ஃபாய் அழுதான்.
பொத்தானுக்கா அழுவது என்று சிரித்தோம்,
பிறகு அவரவர் பொத்தானைக் குனிந்து பார்த்தோம்.

பெப்ரவரியில் ஒரு செவ்வாய்,
வெட்டு வரிசையில் நிற்கையில்
தோள் சொன்னது: இது நேற்றைய ஓட்டம் இல்லை.
எதிரே மாரிவிக் நிமிர்ந்தாள்.
முகக்கவசத்துக்குள் அவள் உதடு
எண்ணிக்கொண்டிருந்தது.

வேகம் கூட்டவே இல்லை என்றார் மேற்பார்வையாளர்,
கூட்டத்தில், காகிதத்தைக் காட்டி.
எங்களிடம் காகிதம் இல்லை.
டெஸ்ஃபாய் மேசையில்
போன மாத வேகத்தைத் தட்டினான்.
மாரிவிக் இந்த மாதத்தை.
இரண்டும் ஒன்றின் காலை ஒன்று மிதித்து
அறை முழுக்க நொண்டின.

சங்கத்துக்காரர் பேனாவைத் திறந்தார்,
சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து
மறுபடி தட்டுங்கள் என்றார்.

இந்த முறை நானும் தட்டினேன்.
கடைசியில் ஒன்று பிந்திவிட்டது, வழமைபோல.
அவர் அதையும் எண்ணி எழுதிவிட்டார்.