டயர் ஒட்டுகிறவளிடம் கேட்பது

எல்லோரும் ஜாக்கி ஏறியிருக்கும்போதுதான் கேட்பார்கள்.
வரைபடத்தை பானட்டில் விரித்து,
காற்று தூக்காமலிருக்க
என் ஸ்பானரையே எடுத்து மூலையில் வைத்து:
"பள்ளத்தாக்கைப் பார்க்க வந்தோம்,
எங்கே தங்கினால் நல்லது?"

நமீபியாவின் தெற்கு இது. சரளைச் சாலை.
கேட்பதற்கு வேறு ஆள் இல்லை.

விளிம்பில் தங்கலாம் என்பேன்.
ஹோபாஸ் முகாமில், முள்மரத்தடியில் கூடாரம்.
பபூன்கள் ரொட்டியைத் தூக்கிப்போகும்;
ஒரு ஜெர்மன்காரரின் பல் பிரஷையும்.
அந்தி அங்கே உங்கள் முகத்துக்கு நேரே விழும்.
விடியல் முதுகுப்பக்கமாக வந்து
எதிர்ச்சுவரின் தலையை முதலில் தொடும்.
பிறகு படி இறங்குகிறவர் போல மெல்ல
ஆற்றுக்கு வந்து சேர வெகுநேரமாகும்.

அடியிலும் தங்கலாம் என்பேன்.
ஐ-ஐஸ். எங்கள் நாமா மொழியில் எரிகிற தண்ணீர்.
முட்டிவலிக்காரர்கள் கழுத்துவரை உட்கார்ந்திருப்பார்கள்.
ஆனால் அங்கிருந்து பள்ளத்தாக்கு தெரியாது.
கீழே நிற்பவருக்கு
அது நாலு பக்கமும் மலை, அவ்வளவுதான்.

இரண்டுக்கும் நடுவே எழுபது கிலோமீட்டர்,
இருட்டினால் குறுக்கே குடு மான்கள்.
இதற்குமேல் நான் சொல்வதில்லை.
ஒருவர் கட்டிலை இன்னொருவர் தேர்ந்தெடுக்கக் கூடாது.

போன ஜூனில் வால்விஸ் பேயிலிருந்து ஒரு ஹைலக்ஸ்.
ஒரே நாளில் இரண்டு பஞ்சர்.
ஆல்வின், மீன் தொழிற்சாலைக்காரர்,
விளிம்புக்கு முன்பணம் கட்டியாயிற்று என்றார்.
எமரென்ஸியா, அவர் மனைவி,
வெந்நீர் என்று சொல்லித்தானே கூட்டிவந்தாய் என்றாள்.
கூடாரம், குளியல், முன்பணம், போன வருட ஈஸ்டர்,
அவருடைய அக்கா, மறுபடி கூடாரம்.

நான் டியூபைத் தொட்டியில் அமுக்கிக்கொண்டிருந்தேன்.
ஓட்டை எங்கே என்று டியூபுக்குச் சொல்லத் தெரியாது.
குமிழிதான் சொல்லும்.
ஈஸ்டர் என்றபோது வந்தது பெரிய குமிழி.

ஒட்டிய டயரோடு அவர் விளிம்புக்குப் போனார்.
அவள் ஒரு பையோடும் ஐஸ் பெட்டியோடும்
பெட்ரோல் பம்ப்புக்குப் பக்கத்தில் நின்றாள்.
விடுதி நிறைந்திருந்தது.
என் மேலங்கியில் தைத்த பெயரைப் படித்துவிட்டு,
"நீ எங்கே தூங்குவாய், பெட்ருசினா?" என்றாள்.

பதினோரு வருடம்.
யாரும் கேட்டதில்லை.

தகரச் சுவர். காற்றுக்கு அணையாக
அடுக்கிய பழைய டயர்கள். ஒரு மெத்தை, ஒரு பாய்.
வாடகையாக மூன்று டின் மத்தி மீன்;
இரண்டை அன்றிரவே திறந்தோம்.
ரப்பர் வாசனை அடிக்கிறதா என்றேன்.
வீட்டில் மீன் வாசனை, பழக்கம்தான் என்றாள்.

மூன்று மணியிருக்கும்.
கதவிடுக்கில் நுழைந்து, தரையோடு ஊர்ந்து,
எதிர் இடுக்கில் வெளியேறிக்கொண்டிருந்தது குளிர்.
"பள்ளத்தாக்கிலிருந்தா வருகிறது?" என்று கேட்டாள்.
இல்லை, அங்கே போகிறது.
குளிரும் தண்ணீர் மாதிரி, பள்ளம் பார்த்து ஓடும்.
எங்கள் இருவரின் கால்களுக்கு மேலாக
இரவெல்லாம் அது போய்க்கொண்டிருந்தது,
யாரிடமும் வழி கேட்காமல்.

விடிந்ததும் ஹைலக்ஸ் திரும்பி வந்தது.
கண் சிவந்திருந்தது அவருக்கு.
காற்று சரியாக இருக்கிறதா பார் என்றார்.
சரியாகத்தான் இருந்தது.
அவள் ஓட்டுகிற பக்கமாய்ப் போய்க் கதவைத் திறந்தாள்;
அவர் பேசாமல் நகர்ந்து உட்கார்ந்தார்.

சாலை பிரிகிற இடத்தில் வண்டி வெகுநேரம் நின்றது.
இடது விளக்கு மினுங்கியது.
பிறகு வலது.
பிறகு எதுவும் போடாமல் தூசிக்குள் போய்விட்டது.
எந்தப் பக்கம் என்று நான் பார்க்கவில்லை,
அடுத்த வண்டி ஹாரன் அடித்துவிட்டது.

தொப்பி போட்ட மனிதர் வரைபடத்தை விரித்தார்.
மூலையில் வைக்க எதையோ தேடினார்.
நானும் தேடினேன்.
என் பதினேழாம் நம்பர் ஸ்பானர்
ஹைலக்ஸோடு போயிருந்தது.
"எங்கே தங்கினால் நல்லது?" என்றார்,
நான்கு மூலையும் படபடக்கிற தாளைக்
கையாலும் முழங்கையாலும் அமுக்கிக்கொண்டு.