ஒன்பது மீட்டர்

மைனஸ் முப்பத்தொன்றில்
ஊரே புகைக்கிறது.
பள்ளிப் பேருந்துக்கு நிற்கும் பிள்ளைகள்,
தபால்காரர், பாதிரியார், பாதிரியாரின் நாய்:
வாய் திறந்தவர் எவரும் தப்பவில்லை.
இதில் எது மூச்சு, எது குற்றம் என்று
பிரித்தறியத்தான் நகராட்சி எனக்குச் சம்பளம் தருகிறது.

முன்பெல்லாம் நாய் உரிமம், நடைபாதைப் பனி,
அனுமதி கேட்காமல் எழுந்த கோழிக்கூண்டு.
அக்டோபரிலிருந்து இதுவும்.
பிரிவு இரண்டு: புகை என்னும் சொல் ஆவியையும் குறிக்கும்.
பிரிவு நான்கு: கதவு, காற்றுக்குழாய், திறக்கக்கூடிய சன்னல்
இவற்றிலிருந்து ஒன்பது மீட்டர்.
ஏன் ஒன்பது என்று எழுத்தரிடம் கேட்டேன்.
ஒரு உறுப்பினர் எட்டு என்றாராம், இன்னொருவர் பத்து.
மணி ஏழரை ஆகியிருந்தது,
எல்லாருக்கும் பசி.

ஆரஞ்சு வண்ணத்தில் கோடு போட்டேன்.
பதினோராம் நாள் பனி அதைத் தின்றது.
இப்போது கோடு என் தலைக்குள்,
நாடா இடுப்பில்.

ஐஸ் ஹாக்கி அரங்கின் கழிப்பறையில் மாம்பழ வாசனை.
இந்தச் சமவெளியில் மாமரத்தைக் கண்டவர் யாருமில்லை,
ஆனாலும் மூன்றாம் கதவுக்குப் பின்னால்
ஒரு தோப்பே பழுத்துக் கிடந்தது.
தட்டினேன். இருமல். தண்ணீர் இழுக்கும் சத்தம்.
வெளியே வந்தவன் எங்கள் கோல்கீப்பர், பதினைந்து வயது.
"நான் ஒண்ணும் பண்ணல" என்றான்.
சொல்லும்போதே அவன் வாயிலிருந்து
ஒரு துண்டு மேகம் இறங்கியது.
அது கரையும்வரை
இருவரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

பெஞ்சு விஷயம் வேறு.
நூலகத்தின் பக்கவாட்டில்
ஒரெஸ்ட் ஹலிஷின் தன் மனைவி பெயரில் போட்டுக்கொடுத்தது.
பித்தளைத் தகட்டில் ஒரிசியா, இரண்டு வருடங்கள்,
ஒரு கோதுமைக் கதிர்.
சன்னலிலிருந்து எட்டு மீட்டர் நாற்பது.
வியாழன்தோறும் வாசகர் வட்டத்துத் திருமதி ஃப்ரீசன்
எனக்குத் தொலைபேசுகிறார்.

குளிரில் நாடா சுருங்கியிருக்கும் என்று
இரண்டாம் முறையும் அளந்தேன்.
பெஞ்சின் மறுமுனை ஒன்பது எண்பது.
"அந்தப் பக்கம் நகர்ந்துக்கோங்க, தீர்ந்தது."
அவர் அந்தப் பக்கத்தைத் திரும்பிப் பார்த்தார்.
"அங்கே ஆள் இருக்கு" என்றார்.

அபராதம் இருநூற்றைம்பது டாலர்.
பேனாவில் மை உறைந்திருந்தது.
உண்மையாகவே உறைந்திருந்தது, சாட்சிக் கூண்டிலும் சொல்வேன்.

பெஞ்சையே பெயர்த்துவிடலாமே என்றார் மேலாளர்.
நான்கடி ஆழத்துக்கு மண் கல்லாகக் கிடக்கிறது.
மே வரை எதுவும் பெயராது,
நானும்தான்.

வெள்ளிக்கிழமை நூலகர் டெல்ஃபீன் லவாலே கூப்பிட்டாள்.
வா, வந்து ஒன்றைப் பதிவு செய்துகொள்.
சன்னல் சட்டத்தில் புத்தம்புதிதாய் மூன்று திருகாணிகள்.
"இனி இது திறக்காது. உங்க விதிப்படி இது சுவர்."
படிவத்தில் எழுதினேன்: சுவர்.
சுவர் வழியாக ஒரெஸ்டின் தொப்பி தெரிந்தது,
காற்றுக்குக் கை குவித்து மூன்றாவது தீக்குச்சி.
நெடி இல்லை, ஆனால் கண்ணுக்குத் தெரிகிறதே
என்றார் திருமதி ஃப்ரீசன்.
கண்ணுக்கு இன்னும் விதி வரவில்லை என்றேன்.

மே வந்தது.
திருகாணிகள் இழுப்பறைக்குள் போயின, சுவர் திறந்தது,
தொலைபேசி மணி அடித்தது.
நாடாவோடு போனேன்.

ஒரெஸ்ட் மறுமுனையில் இருந்தார், விரலிடுக்கில் நெருப்போடு.
ஒன்பது எண்பது.
இந்தப் பக்கம் காலி.
"இந்த நேரத்துக்கு வெயில் அங்கேதான் விழுது" என்றார்,
நான் கேட்காமலே.
யாருக்கு வெயில் என்று கேட்கவில்லை.

காலடியில் என் ஆரஞ்சுக் கோடு,
பனி மென்று துப்பிய மிச்சம்,
கொஞ்சம் கோணலாய்.
போட்டபோது
நேராகத்தான் போட்டதாக ஞாபகம்.