ஐந்து துளை

துரு முதலில் ரிம்மின் உள்வளையத்தில்தான் உட்கார்ந்தது.
வெளியே பெயின்ட் அடித்து அடித்து
பார்க்காததுபோல் இருந்தேன்.
மூக்கையூர் மணலில் ஒரு மத்தியானம்
டயரில் காற்று தானாக இறங்கியது,
நண்டுப் பெட்டியில் ஐஸ் இறங்குகிற வேகத்தில்.

வண்டி தொண்ணூற்றேழு மாடல் ஜிப்சி.
பட்டாளம் கழித்துவிட்டு ஏலத்தில் வந்தது.
வெள்ளை அடித்திருக்கிறேன்;
கதவிடுக்கில் இன்னும் பச்சை.

கேணிக்கரைக் கடையில்
சக்கரத்தாழ்வாருக்குச் சந்நிதி கட்டியதுபோல்
சுவர் முழுக்க அலாய் வீல்கள்.
முதலாளி சீனி ஜபருல்லா பதினேழு இஞ்சைத் தட்டிக் காட்டினார்:
"இதப் போட்டா வண்டி நிமிந்து நிக்கும், மேடம்."

நிமிர்ந்து நின்று எனக்கென்ன.
எனக்கு வேண்டியது பள்ளிகொள்ளத் தெரிந்த டயர்.
பதினைந்து பவுண்டுக்குக் காற்றைக் குறைத்தால்
மணலில் பரந்து படுக்க அதற்கு வயிறு வேண்டும்.
ரிம் பெருத்தால் வயிறு போச்சு.
பதினைந்து இஞ்ச் போதும், காட்டுங்கள்.

அப்புறம் அளவு.
நாலு துளையென்றால் நேர் எதிரே டேப் பிடித்துவிடலாம்.
ஐந்தில்
யாருக்கும் எதிரே யாரும் இல்லை.
பக்கத்துப் பக்கத்து போல்ட்டை நடுவுக்கு நடு அளந்து
ஒன்று புள்ளி ஏழால் பெருக்கச் சொன்னான் மெக்கானிக் ராயப்பன்.
எண்பத்திரண்டு மில்லி.
பெருக்கினால் நூற்று முப்பத்தொன்பதும் சொச்சமும்.
நண்டு எடை போட்டுப் பிழைக்கிறவள் நான்,
சொச்சத்தை விடமாட்டேன்.

முதல் செட்: ஐந்து துளையும் பொருத்தம்,
நடு ஓட்டை மட்டும் இரண்டு மில்லி சின்னது.
"லேத்துல குடுத்து வாங்கிரலாம். ரெண்டு மில்லிதானே?"
ரெண்டு மில்லி வலைக்கண்ணில் எவ்வளவு என்று
இவருக்கு யார் சொல்வது.

இரண்டாவது: எல்லாம் சேர்ந்தது.
ஆனால் ஆஃப்செட் வெளியே துருத்தி
டயர் மட்கார்டைத் தாண்டி எட்டிப் பார்த்தது.
ராயப்பன் பேசவில்லை. முட்டியை மடக்கி
ஹப்பை ஒரு தட்டு தட்டினான்.
பேரிங் ஆறு மாதம் தாங்காது என்று அர்த்தம்.

மூன்றாவது சுவரில் இல்லை.
பழைய டியூப் குவியலுக்குப் பின்னால் நான்கு.
தொண்டிக்காரர் ஒருவர் வண்டியை விற்கும்போது கழற்றி வைத்ததாம்.
மங்கிய சாம்பல். ஒன்றில் சிராய்ப்பு.
பூச்சு உப்பிய இடத்தில் வெள்ளைப் பொடி.

"துருப் பிடிக்காதுன்னீங்களே?"

"துரு இல்ல மேடம், இது பூக்கும்."

நாலுக்குத்தான் காசு இருந்தது.
ஸ்டெப்னிக்குப் பழைய இரும்பே.
அலாய்க்கு ஒரு நட்டு, இரும்புக்கு ஒரு நட்டு;
இரும்பு நட்டுகளை ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு
சீட்டுக்கு அடியில் வைத்தேன்.
இருட்டில், மணலில்,
மாற்றிப் போட்டுவிடாமல் இருக்க வேண்டும்.

"கழட்டிக் கழட்டி கிரீஸ் தடவு. இல்லாட்டி
அலுமினியமும் இரும்பும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும்,
பிரிக்கச் சம்மட்டிதான் வேணும்" என்றான் ராயப்பன்.
அவன் டைவர்ஸ் கேஸ் பரமக்குடிக் கோர்ட்டில் நடக்கிறது.
நான் சிரிக்கவில்லை.

வாலிநோக்கம் உப்பளத்து ரோட்டில் ஆளில்லை.
கச்சான் காற்று கண்ணாடியில் மணலை எறிந்தது.
ஸ்டியரிங்கை இடப்பக்கம் முழுக்க ஒடித்து
மெதுவாக உருட்டினேன்.
கர்க். கர்க்.
வயிறு கலங்கிவிட்டது.
இறங்கி, குனிந்து, விரலை விட்டுப் பார்த்தேன்.
டயருக்கும் தகட்டுக்கும் நடுவே
ஒரு விரல் தாராளமாகப் போய் வந்தது.

பின்னால்,
கட்டு அவிழ்ந்த ஒரு நண்டு
தெர்மாகோலைச் சுரண்டிக்கொண்டிருந்தது.

அதைக் கட்டிப் போட்டுவிட்டு
வலப்பக்கம் ஒடித்தேன்.