பதினேழு கிலோ

ஊழியத்தில் என் பங்கு பதினேழு கிலோ.
ஆம்ப்ளிஃபையரின் எடை அது.
கிட்டாரை ஹெப்சிபாவே தூக்குவாள்,
அதில் வேறு யாரும் கை வைக்கக் கூடாது.

சுங்கை ரோட்டுச் சந்தையில்
பழைய மின்விசிறிகளுக்கும் ஒற்றைச் செருப்புகளுக்கும் நடுவே
மல்லாந்து கிடந்தது. எண்பது வெள்ளி.
விற்ற சீனர் இடுப்பை வளைத்து
ஹவாய் ஆட்டம் ஒன்று ஆடிக் காட்டினார்.
எழுபதுக்கு முடித்தாள்.
மிச்சம் பிடித்த பத்து வெள்ளியில்
இரண்டு கோப்பி, ஒரு செட் கம்பி.

சபைக் கமிட்டி மூன்று முறை கூடியது.
"மதுக்கடையில் அழுகிற வாத்தியம் அது"
என்றார் பொருளாளர் தேவசகாயம்.
"நீங்க எப்போ கேட்டீங்க, ஐயா?" என்றாள்.
நான்காம் முறை கூடவில்லை.

வாரநாட்களில் அவள்
பாசிர் பாஞ்சாங்கில் பளுதூக்கி ஓட்டுவாள்.
நாற்பது டன் பெட்டியை
உறங்கும் பிள்ளையைக் கிடத்துவதுபோல்
கப்பலில் இறக்கி வைப்பாள்.
ஞாயிற்றுக்கிழமை மடியில் கிட்டார்.
உருக்குத் துண்டு கம்பிமேல் மிதக்க வேண்டும்,
அழுத்தினால் சுரம் மூழ்கிவிடும்.
பேதுரு தண்ணீரில் நடந்த இரண்டடி இருக்கிறதே,
இந்த வாத்தியம் அவ்வளவுதான் என்பாள்.
எனக்கு மூன்றாவது அடிதான் பழக்கம்.
ஆராதனை முடியும்வரை
வாசலில் செருப்புகளோடு நிற்பவன் நான்.

துவாஸ் விடுதியில்
நெற்றி நிறைய விபூதியோடு அறந்தாங்கிப் பையன் ஒருவன்
முருகன் பாட்டு வருமா அக்கா என்றான்.
வாசித்தாள்.
கூட வந்த சிஸ்டர்கள் கூரையைப் பார்த்தார்கள்.
அன்று ஆம்ப்ளிஃபையரை அவன் தூக்கினான்.
வேனுக்கு வெறுங்கையோடு நடந்தது
எனக்கு என்னவோபோல் இருந்தது.

சாங்கி சிறையில் உருக்குத் துண்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள்.
"இதால மண்டையை உடைக்கலாம், மேடம்."
உண்மைதான்.
மேசையில் கிடந்த பிளாஸ்டிக் பசைக்குழல் ஒன்றை
எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.
சளி கட்டிய தொண்டைபோல் இழுத்தது கிட்டார்.
இரண்டாம் சரணத்தில்
அது விட்டுவிட்ட இடங்களை
கடைசி வரிசையில் ஒருவன் முனகி நிரப்பினான்.
பிறகு அந்த வரிசை.
பிறகு யார் யாரென்று தெரியவில்லை.
திரும்பும்போது கையெழுத்துப் போட்டுத் துண்டை மீட்டாள்,
வீடுவரை பைக்குள் வைக்கவில்லை.

போன வருடம் இடதுகை தானாக ஆடத் தொடங்கியது.
"கவலைப்படாதீங்க சிஸ்டர், நாதம் இன்னும் குழையுது,
ஆவியானவரே அசைக்கிறார்" என்றார் புதிய போதகர்.
"நிறுத்த முடிஞ்சாத்தான் ஐயா அது குழைவு"
என்றாள்.
வேனில் ஒன்றும் பேசவில்லை.
நான்தான் அன்றிரவு
நம்பாத ஒருவரோடு
சமையலறையில் நின்று சண்டை போட்டேன்.

மாத்திரை ஆறு மணிக்கு.
ஏழு முதல் ஏழே முக்கால்வரை
கை அவளுடையது.
சாவு வீடுகளும் அந்த நேரத்துக்கு ஒத்துக்கொள்கின்றன.

நேற்று யீஷூனில், புளோக்கின் கீழ்த்தளத்தில்
தேவசகாயம் பெட்டியில் கிடந்தார்.
இரண்டாம் மாடி ரொஹானாவின் வீட்டிலிருந்து
மின்சாரம் கயிறுபோல் இறங்கியது.
மூன்று கீர்த்தனைகள் முடிந்ததும்
அவர் மனைவி குனிந்து
ஹெப்சிபாவின் காதில் எதையோ முணுமுணுத்தார்.
பாமாலைப் புத்தகத்தில் இல்லாத மெட்டு.
கத்தோங்கில் ஏதோ ஒரு மதுக்கூடத்தில்,
கல்யாணத்துக்கு முன்னால்,
இருவரும் கேட்டதாம்.

அதை வாசித்தாள்.
மழைக்கு ஒதுங்கிய உணவு விநியோகக்காரன்
தலைக்கவசத்தைக் கழற்றினான்.
ஏழு நாற்பத்தாறு.
விரல்கள் ஆடத் தொடங்கின.
சுரம் பாதியில் இருக்கையிலேயே
துண்டை உயர்த்திவிட்டாள்.
துடைத்தாள்,
என்னைக் கூப்பிட்டாள்,
என் சட்டைப் பையில் போட்டாள்.

சூடாக இருந்தது.
பை ஒரு பக்கமாக இழுத்தது.
பதினேழு கிலோ இருநூறு கிராம்.