காரணம் என்ற கட்டம்

இரவு 2.40. கண்டனூர் ஃபீடர் ட்ரிப் ஆனது.
மறுபடி ஏற்றினேன், நின்றது.
பதிவேட்டில் 'காரணம்' என்ற கட்டம்
வெறுமனே கிடந்தது.

"கூகைதான் மேடம், பறவைன்னு போடுங்க"
என்றார் சேவுகன், மப்ளரை அவிழ்க்காமலே.
போட்டேன்.
ஆனால் கூகை இல்லை.

கூகைக்கு வெற்றிலை வடிவில் வெள்ளை முகம்.
பள்ளத்தூரில் பூட்டிய மாடிகளில் இருக்கிறது,
வாட்ச்மேன்களுக்கு அதைத் தெரியும்.
இதற்கு முகத்தில் வட்டத்துக்குள் வட்டம்,
கல் விழுந்த ஊருணி மாதிரி.
கொம்பன் ஆந்தைக்குக் காதுமேல் இரண்டு கொத்து நிற்கும்;
இது மொட்டைத் தலை.
புள்ளி ஆந்தை கைக்குள் அடங்கும்,
மஞ்சள் கண்ணால் முறைக்கும்,
வெயிலிலேயே கம்பியில் உட்கார்ந்து சண்டை போடும்.
இதன் கண்கள் இரண்டு புளியங்கொட்டை.
உயரம் ஒரு முழம்.
பூக்காரி அளக்கும் முழமல்ல, முழு முழம்.

"கத்துச்சே, கேட்டீங்களா? சாவுக் கத்தல்."
பதினோரு ராத்திரியாய்க் கேட்கிறேன்.
நடுங்கி நடுங்கி இறங்கும் அந்தக் குரல்;
ஊருணிக்கரை ஆலிலிருந்து இன்னொன்று
ஒற்றைக் 'கூ'வில் பதில் வைக்கும்.
இதுவரை செத்ததெல்லாம்
யார்டு வேலியோரப் புளியமரத்தடியில்,
கட்டைவிரல் பருமனில், சாம்பல் முடி உருண்டைகளாக.
ஒன்றைச் சாப்பாட்டு டப்பா மூடியில் ஊறவைத்துப் பிரித்தேன்.
எலி மண்டை ஒன்று, ஆரஞ்சுப் பற்கள்.
வண்டின் முதுகு ஓடு.
கீழ்த்தாடை மூன்று.
நாலாவது தாடையை ஷிப்ட் முடியும்வரை தேடினேன்.

சேவுகன் சிரித்தார்.
ஒரு டீ, இரண்டு வெள்ளைப் பணியாரம் பந்தயம்.

அப்போதுதான் அது புளியமரத்தை விட்டு எழுந்தது.
டிரான்ஸ்பார்மர் இரைச்சலோடு
சிறகு ஒன்றையும் சேர்க்கவில்லை.
பொரி சிந்திய செம்மண் நிறம்
வேலியைத் தாண்டியது,
பிறகு வேலி மட்டும்.

ஆறு மணிக்கு லைன் பார்க்கப் போனவர் போன் செய்தார்.
கண்மாய் ஓரம், பதினாலாம் கம்பம்:
இரண்டு கம்பிக்கும் கை நீட்டிய பழந்தின்னி வௌவால்,
கருகி, தலைகீழாக.
வாயில் பாதி ஆலம்பழம்.

'பறவை'யை அடித்துவிட்டு 'வௌவால்' என்று எழுதினேன்.
கையெழுத்து. தேதி.
ஆந்தைக்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில், பென்சிலால்:
2.55. பொரிப்புள்ளி ஆந்தை. ஒன்று.
உயிரோடு. காரணம் அல்ல.

"அப்போ கூகை இல்லையா?"
பணியாரம் ஆறிக்கொண்டிருந்தது.
சேவுகன் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.